கூரையைப் பற்றி யாரிடம் சொல்வது?

2018 ஜூலையில் ஒரு வார இறுதி. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஓர் ஆரம்பப் பள்ளியின் தட்டைக் கூரை இடிந்து விழுந்தது. விடுமுறை நாள் என்பதால் யாருக்கும் அடிபடவில்லை. விழப்போகிறது என்பதற்கான அறிகுறி, அதுவும் அரைகுறையாக, தெரிந்தது முந்தைய 24 மணி நேரத்தில்தான். பல ஆண்டுகள் நின்ற கூரை ஒரே ஒரு நாள்தான் தவணை கொடுத்தது.

நமக்குப் பழக்கமான கான்கிரீட் இப்படிச் செய்யாது. சுமை மீறினால் அடிப்பக்கம் விரிசல் விடும், உள்ளே கம்பி இழுபடும், சிலாப் கண்ணுக்குத் தெரியத் தொய்யும், பூச்சு உதிரும். படிக்காத மேஸ்திரிகூட அண்ணாந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பள்ளிக்கூரையில் இருந்தது வேறு ரகம். 1920களில் ஸ்வீடனில் பிறந்த இந்தக் கான்கிரீட்டில் ஜல்லியே கிடையாது. நைசாக அரைத்த மணல், சிமென்ட், சுண்ணாம்பு, தண்ணீர், கூடவே கொஞ்சம் அலுமினியத் தூள். அலுமினியம் சுண்ணாம்போடு சேர்ந்ததும் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்ப, கலவை இட்லி மாவு மாதிரி அச்சுக்குள் பொங்கி எழும். பாதி இறுகியதும் மெல்லிய கம்பியால் பலகை பலகையாக அறுத்து, ஏறத்தாழ 180 டிகிரி நீராவியில் அழுத்தத்தோடு வைத்து எடுப்பார்கள். கடைசியில் கையில் இருப்பதில் பெரும்பங்கு காற்றுதான். ஒரு கன மீட்டர் சாதாரண கான்கிரீட் 2,400 கிலோ என்றால் இது 600, 700 கிலோ. தூக்கி வைப்பது சுலபம், குளிரையும் தடுக்கும். போருக்குப் பிறகு அவசர அவசரமாகப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்ட வேண்டியிருந்த பிரிட்டனுக்கு வேறென்ன வேண்டும்? 1950களின் நடுவிலிருந்து 1990கள் வரை அங்கே கூரைகளில் இது ஏறிக்கொண்டே இருந்தது.

(சென்னைப் பக்கம் இப்போது செங்கலுக்குப் பதிலாக வைக்கும் ஏஏசி பிளாக்கும் இதே குடும்பம்தான். வீட்டில் அது இருக்கிறதே என்று பதற வேண்டாம். அங்கே அது பெரும்பாலும் தூணுக்கும் பீமுக்கும் நடுவே சுவராக உட்கார்ந்திருக்கிறது. கூரையைத் தாங்கும் வேலை அதற்கில்லை. வம்பு வந்தது, இதே பொருளுக்குள் கம்பி வைத்துப் பலகையாக்கி இரண்டு சுவர்களுக்குக் குறுக்கே போட்டதில்.)

சாதாரண கான்கிரீட் கம்பிக்கு இரண்டு உபகாரம் செய்கிறது. தன் காரத்தன்மையால் துருப்பிடிக்காமல் காக்கிறது. நெடுகிலும் இறுகப் பிடித்தும் கொள்கிறது. குமிழ்க் கான்கிரீட்டால் இரண்டுமே முடியாது. துருவுக்குப் பயந்து கம்பிக்கு முன்கூட்டியே தார் போன்ற பூச்சு கொடுத்தார்கள். பூச்சு ஏறிய கம்பியில் பிடிமானம் இன்னும் குறைந்தது. அதற்கு மாற்றாக நீளக் கம்பிகளின் குறுக்கே சிறு கம்பிகளை வெல்டிங் செய்து, அவற்றை நம்பியே பலகையை நிறுத்தினார்கள். ஆகவே பலகை சுவர்மேல் உட்காரும் அந்தச் சில சென்டிமீட்டருக்குள் கடைசிக் குறுக்குக்கம்பி இருந்தே ஆகவேண்டும். கட்டும் இடத்தில் யாரோ ஒருவர், நீளம் கூடுதலாக இருக்கிறதென்று நுனியை அறுத்துவிட்டால் அந்தக் கம்பியும் அதோடு போய்விடும். பலகை அன்றைக்கே விழாது. வருஷக்கணக்கில் நிற்கும். மழைநீர் தேங்கும், ஊறிய பலகை கனக்கும், வலு குறையும், கொஞ்சம் தொய்யும், தொய்ந்த இடத்தில் இன்னும் தண்ணீர் சேரும். பிறகு ஒருநாள் சுவரோரத்தில் வெட்டுப்பட்டது போல முறியும். முறியப்போகும் இடம் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, சுவரை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் இருக்கும்.

இப்படி ஒரு கூரையைப் பழுதுபார்க்கப் போன பொறியாளர், இன்னும் எத்தனை கட்டடங்களில் இது இருக்குமோ என்று யோசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் யாரிடம் போய்ச் சொல்வது? கட்டட உரிமையாளர் கூலி கொடுப்பவர். தன் கட்டடம் சந்திக்கு வருவதை அவர் விரும்பமாட்டார். வேலை பார்க்கும் கம்பெனிக்கு வழக்குப் பயம். காப்பீட்டுக்காரர் வாயைத் திறக்காதே என்பார். ஒரு கூரையின் அனுபவம் அந்த ஒரு ஃபைலுக்குள்ளேயே செத்துப்போவதற்கு எல்லா ஏற்பாடும் தயாராக இருக்கிறது. இந்த மௌனத்தை உடைப்பதுதான் பொறியாளர்களின் தொழில்முறைச் சங்கம் ஒன்று செய்யக்கூடிய ஆகப் பெரிய காரியம் என்பது என் கட்சி. விருதும் விருந்தும் மாநாட்டுப் பையும் அதற்கு அப்புறம்தான்.

லண்டனில் இருக்கும் கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனம் பிறந்ததே கான்கிரீட்டின் பெயரால்தான். 1908இல் ரிட்ஸ் ஹோட்டலில் ‘கான்கிரீட் இன்ஸ்டிட்யூட்’ என்று தொடங்கினார்கள். முன்னின்றவர் எட்வின் சாக்ஸ். நாடக அரங்குகளிலும் தீத்தடுப்பிலும் கைதேர்ந்த கட்டடக் கலைஞர். கம்பி வைத்த கான்கிரீட் அன்றைக்குப் புதுச்சரக்கு. கம்பெனிக்கு ஒரு காப்புரிமை, கம்பியை வளைப்பதில் ஆளுக்கொரு முறை. அந்த வித்தையைப் பொதுமேடையில் வைத்துப் பேச ஓர் இடம் தேவைப்பட்டது. 1922இல் பெயர் மாறியது. 1934இல் அரச சாசனமும் கிடைத்தது.

1974 பிப்ரவரியில் லண்டன் ஸ்டெப்னியில் ஒரு பள்ளி நீச்சல்குளத்தின் கூரை விழுந்தது. அங்கே சதி செய்தது உயர் அலுமினா சிமென்ட். ஒரே நாளில் வலுவேறிவிடும் என்பதால், பீம்களை வார்த்து விற்பவர்களுக்குப் பிடித்த சிமென்ட் அது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அதன் படிகங்கள் ஆண்டுகள் போகப்போக வேறு வடிவத்துக்கு மாறிச் சுருங்கும், உள்ளே நுண்துளைகள் விழும், வலு இறங்கும். நீச்சல்குளத்தைவிட அதற்குத் தோதான இடம் ஏது?

அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, 1976இல் கட்டமைப்புப் பொறியாளர் நிறுவனமும் சிவில் பொறியாளர்களின் நிறுவனமும் கைகோத்து ‘ஸ்காஸ்’ என்ற கட்டமைப்புப் பாதுகாப்பு நிலைக்குழுவை அமைத்தன. விழுந்த கட்டடத்தை விசாரிக்க அரசு இருக்கிறது. விழப்போவதை மோப்பம் பிடிப்பது இந்தக் குழுவின் வேலை. அதே 1976இல் அமெரிக்காவில் நாசாவின் பொறுப்பில், விமானிகள் தங்கள் தவறுகளையும் நூலிழையில் தப்பிய விபத்துகளையும் ரகசியமாகத் தெரிவிக்கும் ஏற்பாடு ஒன்று தொடங்கியிருந்தது. வானத்தில் பலித்த அந்த வித்தை தரைக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டு பிடித்தது. 2005இல் ‘கிராஸ்’ என்ற ரகசிய அறிக்கை முறை வந்தது.

நடைமுறை எளிமையானது. பொறியாளர் தான் பார்த்ததை எழுதி அனுப்புவார். பெயரோடுதான், மொட்டைக் கடிதத்துக்கு அங்கே இடமில்லை. வந்ததும் அவர் பெயர், ஊர், கட்டடம், கம்பெனி என்று அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். மிஞ்சுவது பழுதின் கதை மட்டும். அதை நிபுணர் குழு படித்துத் தன் குறிப்பைச் சேர்க்கும்; யாரும் காசில்லாமல் படிக்கும்படி வெளியிடும். குற்றவாளி யாரென்று தெரியாததாலேயே படிக்கிறவர் கவனம் குற்றத்தின் மேல் போகிறது. 72 பேரைப் பலிகொண்ட 2017 கிரென்ஃபெல் தீக்குப் பிறகு, 2021இல் தீப்பாதுகாப்புப் புகார்களையும் ஏற்க ஆரம்பித்தார்கள்.

கென்ட் கூரை விழுந்த சேதியும் இந்த வழியில் பயணித்தது. 2019 மே மாதம் ஸ்காஸ் எச்சரிக்கை விடுத்தது: 1980க்கு முன் வைத்த குமிழ்க் கான்கிரீட் பலகைகள் தம் ஆயுளைத் தாண்டிவிட்டன, மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள். அதற்குப் பிறகு நாலு வருஷம் ஓடியது. 2023 கோடையில் ஆபத்தில்லை என்று கணித்திருந்த பலகைகளே முறிந்தன. ஆகஸ்ட் 31ஆம் தேதி, பள்ளி திறக்கச் சில நாளே இருக்கும்போது, நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் கட்டடங்களை மூடச் சொல்லி அரசு உத்தரவிட்டது. பிள்ளைகள் கூடாரங்களில் படித்தார்கள். சங்கத்தால் கத்த முடியும். கதவைப் பூட்ட முடியாது. பூட்டும் அதிகாரம் இருப்பவர்களுக்கோ கூரையைவிட பட்ஜெட்தான் முதலில் கண்ணில் படுகிறது.

இந்தியாவில் நிலைமை இன்னும் விசித்திரம். கட்டடக் கலைஞர்களுக்கு 1972இல் வந்த சட்டமும் பதிவு மன்றமும் உண்டு. பொறியாளர்களுக்கு நாடு தழுவி அப்படியொரு சட்டம் இதுவரை இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் கான்கிரீட் இன்ஸ்டிட்யூட் 1982 முதல் இயங்குகிறது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் கட்டமைப்புப் பொறியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கின்றன. 2014 ஜூனில் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்ட பிறகு விசாரணை ஆணையம் வந்தது, அறிக்கை வந்தது. விழாமல் தப்பிய கட்டடங்களைப் பற்றி யாரும் ஆணையம் போடுவதில்லை. கற்றுக்கொள்ளச் சரக்கு அதிகம் இருப்பது அங்கேதான்.

யாரிடம் சொல்வது என்பதோடு எப்படிச் சொல்வது என்பதும் இருக்கிறது. அதற்கு, லண்டன் நிறுவனத்தில் முழு உறுப்பினராக எழுதவேண்டிய தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுங்காலம் அது ஏழு மணி நேரத் தேர்வு; எழுதுவோரில் பாதிக்கு மேல் தோற்பது அங்கே சகஜம். ஒரு கட்டடத்தையோ பாலத்தையோ கொடுத்து, ஒன்றுக்கொன்று சாயல் இல்லாத இரண்டு வழிகளில் அதை நிறுத்திக் காட்டச் சொல்வார்கள். கணக்கு, வரைபடம், எந்த வரிசையில் கட்டுவது என்ற குறிப்பு எல்லாம் உண்டு. நடுவில் ஒரு பத்து மதிப்பெண் கேள்வி வரும். எல்லாம் முடிவான நேரத்தில் உரிமையாளர் மனம் மாறி, உதாரணமாக, இந்தத் தூண் எனக்கு வேண்டாம் என்கிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் சூத்திரத்துக்கு வேலையில்லை. பொறியியல் தெரியாத ஆளுக்கு, அந்தத் தூணை எடுத்தால் சுமை எங்கே போகும், எது பருக்கும், செலவும் நாளும் எவ்வளவு கூடும் என்று புரிகிற மாதிரி சொல்ல வேண்டும்.