பழைய வீடு வாங்குமுன் உடம்பையும் ஒரு வார்த்தை கேளுங்கள்



தோட்டத்து வீடு வேலை இருக்கிற வரைக்கும்தான். 55 வயதில் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம். 2013 ஜூலை முதல் ஓய்வு வயது 60 என்று சட்டம் இருக்கிறது. எந்த வயதில் நின்றாலும் சாவியைக் கிராணியிடம் கொடுத்துவிட்டு வெளியே வரத்தான் வேண்டும். அப்போது யாராவது வந்து, "அண்ணே, உள்ளே ஒரு பழைய பலகை வீடு இருக்கு, அரை ஏக்கர் நிலம், கிணறு இருக்கு, விலை மலிவு" என்று சொன்னால் மனசு ஆடத்தான் செய்யும். பட்டணத்து விலைக்கு நம்மால் நிற்க முடியுமா?

போன மாதம் ஒரு தம்பதி இப்படி ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேட்டார்கள். கூரை, சுவர், பலாமரம் எல்லாம் சொன்னார்கள். "உங்களுக்கு எத்தனை வருஷமாக இனிப்புநீர், ஐயா?" என்று கேட்டேன். பதினாலு வருஷம் என்றார். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அதனால்தான் இந்த மாதம் இதைப் பற்றி எழுதுகிறேன்.

நிலத்தின் கிராண்ட் விஷயத்தை வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள். நில அலுவலகத்தில் 'சாரியான்' எடுத்துப் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட முன்பணம் கொடுக்க வேண்டாம். மலாய் ரிசர்வ் நிலமா, ஒரே கிராண்டில் பத்துப் பேர் பெயர் இருக்கிறதா என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். நான் பேச வந்தது உடம்பைப் பற்றி.

முதலில் தூரம். மாரடைப்பு வந்தால் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டே போகும். பக்கவாதத்தில் மூளையில் அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும். வாய் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே 999. ஆனால் அந்த வீட்டில் டெலிபோன் சிக்னல் கிடைக்கிறதா? ஆம்புலன்ஸ் வரத் தெருவுக்குப் பெயர் இருக்கிறதா? மழை நாளில் அந்த மண் சாலையில் கார் போகுமா? பகலில் பார்த்த வீட்டை ஒரு முறை இரவில், மழையில் போய்ப் பாருங்கள்.

இனிப்புநீர்க்காரர்களுக்கு இன்னொன்று. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகத் தெரிந்தது. ஆறில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் இந்தியர்களிடையே இது இன்னும் அதிகம். இது சிறுநீரகத்தைத் தாக்கினால் டயாலிசிஸ்தான். வாரத்துக்கு மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம். நாற்பது மைல் தள்ளி வீடு வாங்கிவிட்டு வாரம் மூன்று நாள் யார் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவது? டயாலிசிஸ் முடிந்ததும் தலை சுற்றும், சொல்லியே ஆக வேண்டும். அந்தத் தம்பதியின் விஷயத்தில் இதுதான் பெரிய கேள்வி. முதலில் கிளினிக்கில் இரத்தமும் சிறுநீரும் பரிசோதித்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பினேன். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு மேல் கேட்க மாட்டார்கள்.

அடுத்து கிணறு. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காமாலைக் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் கக்கூஸ் குழி, மாட்டுக் கொட்டகை இருக்கிறதா, நூறடியாவது தள்ளி இருக்கிறதா, மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். உரமும் மருந்தும் சாகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். சுற்றிலும் செம்பனையோ காய்கறித் தோட்டமோ இருந்தாலும், பேராக், சிலாங்கூர் பக்கத்துப் பழைய ஈயலம்பம் ஓரமாக இருந்தாலும், இரசாயனப் பரிசோதனை செய்யாமல் குடிக்க வேண்டாம். குழாய் நீர் வசதி உள்ள வீட்டுக்குச் சற்று அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

பின்பக்கச் சாமான் அறையையும் திறந்து பாருங்கள். பழைய மருந்து டின்கள் கிடக்கும். 2020 ஜனவரியிலிருந்து பாராகுவாட் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய டின் ஒன்று மூலையில் கிடந்தால் அதற்குத் தடை தெரியுமா? அதைக் கழுவித் தண்ணீர் பிடிக்கிற பழக்கம் நம்மில் சிலருக்கு இன்னும் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். ஒரு வாய் பாராகுவாட் உள்ளே போனால் மீட்பது அபூர்வம்.

அந்த அறையில் எலி இருக்கும். எலி மூத்திரம் பட்ட தண்ணீரும் சேறும் கால் வெடிப்பு வழியாக உள்ளே போனால் எலிக்காய்ச்சல் வரும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால், எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்தேன் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? சுத்தம் செய்யும்போது பூட்ஸ், கையுறை போட்டு, குளோராக்ஸ் கலந்த தண்ணீர் தெளித்துத் துடையுங்கள்.

கூரை சாம்பல் நிறத்தில் அலை அலையாக இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் கலந்த சிமெண்டுத் தகடாக இருக்கலாம். உடையாமல் இருக்கிற வரைக்கும் அதைச் சும்மா விடுங்கள். அதை உடைத்து, அறுத்து, சுரண்டினால் பறக்கிற தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு கூரை பிரிக்க வேண்டாம். தகரக் கூரையாக இருந்தால் சிக்கல் வேறு, வெயில்தான். 1998 ஏப்ரல் 9ஆம் தேதி பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி அடித்தது, நம் நாட்டில் பதிவான அதிகபட்ச வெப்பம் அதுதான். வயதானவர்களுக்குத் தாகம் தெரியாது. இரத்தக் கொதிப்புக்கு நீர் இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அப்படியே சோர்ந்து விழுவார்கள். மேல்தட்டு அடித்து, எதிரெதிராக ஜன்னல் வைத்த வீடா என்று பாருங்கள். நடுப்பகல் இரண்டு மணிக்கு உள்ளே அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்தாலே தெரிந்துவிடும்.

கக்கூஸ் வெளியே இருந்தால் இரவில் இரண்டு தடவை இறங்கிப் போகிற பெரியவர் எங்கே வழுக்கி விழுவார் என்பதையும் அளந்து பாருங்கள். இடுப்பெலும்பு முறிந்தால் அதற்கப்புறம் நடையே போய்விடும். உட்கார்ந்து எழ முடியாத முழங்காலுக்கு நாற்காலி போன்ற கக்கூஸும், சுவரில் ஒரு கைப்பிடியும் இருந்தாலே பாதி பயம் குறையும். இதற்குச் செலவு சில நூறு வெள்ளிதான். வாங்கும்போதே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியாக ஒன்று, இது மருந்துப் புத்தகத்தில் கொஞ்சம்தான் இருக்கும். லயத்தில் நாற்பது வருஷம் இருந்தவர்களுக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் இருமினாலே பக்கத்து வீட்டுக்காரர் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பார். அரை ஏக்கர் நடுவில் தனியாக இருந்தால் யார் கேட்பார்? கூப்பிடு தூரத்தில் ஒரு வீடாவது இருக்கிறதா, அந்த வீட்டு மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் போய்த் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அந்தத் தம்பதி இன்னும் முடிவு எடுக்கவில்லை. ஐயாவின் சிறுநீரகப் பரிசோதனை முடிவு அடுத்த வாரம் வருகிறது. அதுவரை முன்பணம் கொடுக்கக் கூடாது என்று அம்மா கட்டளை போட்டுவிட்டாராம்.