உரத்த குரற்சொற்களும் வேற்றுமையும்

யானை பிளிறும், மயில் அகவும், ஆந்தை அலறும் என ஒலிமரபினை இளமையிலேயே மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். ஆயின், மக்கள் தம் குரலை உயர்த்துங்கால் வழங்கும் சொற்களுக்கு அத்தகைய வரையறை எதனையும் நாம் கற்பிப்பதில்லை. கூவு, கூப்பிடு, கத்து, அலறு, அதட்டு, சத்தம் போடு என்னும் யாவற்றிற்கும் ‘உரக்க ஒலி செய்தல்’ எனப் பொருள் எழுதி அமைந்துவிடுகின்றோம். அது பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

ஒருபொருட் பன்மொழிகளை ஒருங்கு வைத்து எண்ணும் வழக்கம் தொன்மையானது. திவாகர நிகண்டின் பத்தாம் தொகுதி ஒலி பற்றிய பெயர்களுக்கென்றே அமைந்தது. அதற்கும் முற்பட்ட தொல்காப்பியர், உரியியலில் சும்மை, கலி, கம்பலை, அழுங்கல் என்னும் நான்கினையும் அரவப் பொருளன எனத் தொகுத்தார். எனினும் அவர் அவ்வளவில் நின்றாரல்லர். அழுங்கல் என்பதற்கு இரக்கமும் கேடும் ஆகிய பொருள்களும் உண்டென வேறு பிரித்தும் உணர்த்தினார். தொகுத்தபின் பகுத்தலே அவர் காட்டும் நெறி என்க.

எவ்வாறு பகுப்பது? குரலின் அளவு இதற்குக் கருவியாகாது. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் உள்ளது பெரியநாயக்கன்பாளையம். நூற்பாலைகளும் நெசவுத் தொழிற்குரிய பொறிகளைச் செய்யும் ஆலையும் நிறைந்த வட்டாரம் அது. கதிர்கள் சுழலும் இரைச்சலிடையே அருகில் நிற்பவரிடமும் உரத்துத்தான் பேசுதல் வேண்டும். அங்கு உரத்த குரல் சினத்தைக் காட்டுவதன்று, தேவையைக் காட்டுவது. ஆகலின், குரல் யாரை நோக்கியது, எதனால் எழுந்தது என்பனவே பொருளை வரையறுப்பன. ஆங்கிலத்தில் ‘ஷவுட்’ என்னும் ஒரே வினை, ‘டு’ என்னும் இடைச்சொல்லை ஏற்பின் கேட்கச் செய்தலையும், ‘அட்’ என்பதனை ஏற்பின் சினத்தலையும் குறிக்கும். ஆங்கு இடைச்சொல் செய்யும் பணியைத் தமிழில் பெரிதும் வேற்றுமை செய்கின்றது.

இவ்வுரைகல்லில் நம் சொற்களை உரைத்துப் பார்ப்போம். ‘அவனைக் கூப்பிட்டான்’ என்புழி இரண்டாம் வேற்றுமை இயல்பாக வருகின்றது. அழைக்கப்படுவோன் இன்றி இவ்வினை நிரம்புவதில்லை. திருமணத்திற்குக் கூப்பிடுதல் என்னும் வழக்கில் குரலின் உரப்பு முற்றும் மறைந்தது; ‘கூப்பிடு தூரம்’ என்னும் தொடரில் மட்டும் அது எஞ்சி நிற்கின்றது. கூவு என்பது கன்னடத்துக் கூகு, தெலுங்கின் கூயு ஆகியவற்றோடு இனமானது. ஆழ்வார் பாசுரங்களில் இறைவன் அடியாரைக் கூவிக்கொள்வான். இன்றோ கூவி அழைத்தல், கூவி விற்றல் எனப் பிறிதொரு வினையின் துணையை அது நாடுகின்றது. கத்து என்பது ‘அவனை’ என்பதனை நேரே ஏலாது. ‘அவன்மேல் கத்தினான்’, ‘அவனைப் பார்த்துக் கத்தினான்’ என்றே வரும். ஆட்டிற்கும் தவளைக்கும் உரிய அச்சொல் மக்களுக்கு வருங்கால், சொல் தெளிவு குன்றியதென்னும் இழிவும் உடன்வரும். அலறு என்பதற்குக் கேட்போன் வேண்டுவதில்லை. வலியால், அச்சத்தால் எனக் காரணத்தையே அவாவும். அதட்டு என்பதோ ‘அவனை’ என்பதனை ஏற்று, அதட்டுவோனின் மேலாண்மையையும் உணர்த்தும்.

இனி, ‘சத்தம் போடு’ என்பது தனித்து நோக்கற்பாலது. ‘அவர் சத்தம் போட்டார்’ எனின் ஒலியெழுப்பினார் என்றும் ஆம், கடிந்தார் என்றும் ஆம். ‘என்னைச் சத்தம் போட்டார்’ எனின் கடிந்துரைத்தார் என்பதன்றி வேறு பொருள் இல்லை. இவ்வழக்குக் கொங்கு நாட்டிற்கே தனியுரிமையன்று. எனினும் அந்நாட்டு மக்கள் நாவில் நாள்தோறும் பயில்வது. முதற்றொடரில் ‘சத்தம்’ செயப்படுபொருளாய் நின்றது. இரண்டாவதில் ‘என்னை’ என்னும் வேறொரு செயப்படுபொருள் வந்தமையின், ‘சத்தம் போடு’ என்னும் இரு சொற்களும் ஒரு வினையாய் இறுகினமை புலனாகும்.

இஃது இலக்கண நுட்பம் மட்டுமன்று. பெரியநாயக்கன்பாளையத்தார் ஒருவர் வழக்குமன்றில், “அவரு என்னையச் சத்தம் போட்டாருங்க” எனச் சான்று கூறுவதாகக் கொள்வோம். எழுதுவோர் ‘என்னை’ என்பதனை விடுத்து ‘அவர் சத்தம் போட்டார்’ என எழுதின், கடிந்தவர் உதவி வேண்டி ஒலித்தவராகவும் கொள்ளப்படலாம். ‘கத்தினார்’ என மாற்றின், மூத்தோர் ஒருவரின் கண்டிப்பு அறிவிழந்த கூச்சலாகத் தோன்றும். ஓர் உருபின் இழப்பால் ஒருவர் மீது பழியும் சுமத்தப்படலாம் அன்றோ!

விளித்தலை வேற்றுமையுள் ஒன்றாக வைத்து, சேய்மையில் உள்ளாரை அழைக்குங்கால் ஓசை தன் மாத்திரையின் இகந்து நீளும் என்றும் கூறியது நம் முதல் இலக்கணம். குரலை உயர்த்துதல் இலக்கணத்திற்குப் புறம்பானதன்று என்பது இதனாற் பெறப்படும். ஆகலின், அகராதி தொகுப்போர் இத்தகைய வினை ஒவ்வொன்றிற்கும் பொருளோடு அஃது ஏற்கும் வேற்றுமையையும் உடன் குறித்தல் வேண்டும். வட்டாரந்தோறும் அவ்வழக்கினைச் செவியால் கேட்டுத் தொகுக்கும் பணி இளம் ஆய்வாளர்க்கு உரியது.