கூறுகட்டிய மீன் வயது சொல்லாது

ஞாயிறு காலை ஆரணி மீன் கடையில் மத்தி கூறு கூறாகக் கிடக்கிறது. எல்லாம் ஒரே அளவு. இதை வைத்துக் கடலில் குஞ்சு எவ்வளவு, கிழடு எவ்வளவு என்று கணக்குப் போட முடியாது. பெரியது ஒரு பக்கம், பொடி ஒரு பக்கம் என்று வழியெல்லாம் தரம் பிரித்த மீன் இது. அதற்கும் முன்பே பிரித்தது வலை. செவுள் வலையின் கண்ணில் பொடி நழுவிவிடும்; பெரிய மீனுக்குத் தலையே நுழையாது.

வயதுக் கணக்கு எதற்கு? குஞ்சுகள் குறைந்தால் வரும் வருடங்களில் பாடு, அதாவது பிடிபடும் மீன், குறையும். மூத்த மீன்களே காணோம் என்றால் பிடிப்பு எல்லை மீறியிருக்கக்கூடும்.

பன்னா மீன் தலையைக் கடிக்கும்போது பல்லில் நறுக்கென்று படுமே ஒரு வெள்ளைக் கல், அதுதான் செவிக்கல். அறுத்துத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தைப்போல் வளையங்கள் தெரியும். குளிர்நாட்டு மீனில் ஆண்டுக்கொரு வளையம் தெளிவாக விழும். நம் கடலில் குளிர்காலம் பேருக்குத்தான், வளையமும் மங்கல். அதனால் இங்கே நீளத்தை அளப்பதையே பெரிதும் நம்புகிறார்கள். கல் எடுப்பதானாலும் ஆயிரக்கணக்கில் அளந்துவிட்டு, ஒவ்வொரு நீள வகுப்பிலும் சிலவற்றின் தலையை மட்டும் திறந்தால் போதும். கண்மூடி எடுத்தால் நடுத்தர மீனே குவியும். பல வயது கலந்து கிடக்கும் பெரிய மீன்கள் விட்டுப்போகும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கடலுக்குப் பொருந்தாது. மீன்கள் தம் அளவு மீனோடுதான் கூட்டம் சேரும். ஒரே படகில் 300 மீன் அளப்பது, ஒரே தறியில் உட்கார்ந்துகொண்டு ஆரணி நெசவு முழுவதையும் சொல்வதுபோல. முப்பது படகில் பத்துப் பத்தாக அளந்தால் அதே 300 மீனில் விஷயம் பல மடங்கு.

1947-இல் மண்டபத்தில் தொடங்கிய மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம், பாடு எவ்வளவு என்று மதிப்பிடவும் இப்படித்தான் பரப்பிப் பார்க்கிறது. மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, குலுக்கல் முறையில் தேர்ந்த இறங்குதளத்தில் முதல் நாள் பகல் 12 முதல் மாலை 6 வரையும், மறுநாள் காலை 6 முதல் 12 வரையும் ஆள் நிற்பார். இடையில் இரவு வந்த படகுகளை விசாரித்துச் சேர்ப்பார்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் மட்டுமே அளவுகோலுக்கு வரும். அதை மார்ச் மாதக் கணக்கோடு அப்படியே ஒப்பிட்டால் தப்பு. அந்த நாட்களில் நம் கடைகளில் கட்லாவும் ரோகுவும் தலைகாட்டும். குத்தகை ஏரி மீன் என்றால் செவிக்கல்லே வேண்டாம். குஞ்சு விட்ட தேதி குத்தகைக்காரர் நோட்டில் இருக்கும்.