பெயர்வெளி (நிரலாக்கம்)

பெயர்வெளி என்பது, நிரலாக்க மொழிகளில் வகுப்புகள் முதலியவற்றின் பெயர்களை ஒரு பொதுப்பெயரின் கீழ்த் தொகுத்து வைக்கும் அமைப்பு ஆகும். ஒரே பெயர் வெவ்வேறு பெயர்வெளிகளில் வெவ்வேறு வகுப்புகளைக் குறிக்கலாம். எடுத்துக்காட்டாக, ஜாவா மொழியில் டேட் என்னும் பெயரில் ஜாவா.யுடில் தொகுப்பில் ஒரு வகுப்பும் ஜாவா.எஸ்கியூஎல் தொகுப்பில் மற்றொரு வகுப்பும் உள்ளன. ஒரே நிரலில் இரண்டும் வேண்டுமெனில், குறைந்தது ஒன்றையேனும் முழுப்பெயரால் சுட்டவேண்டும்.

சோழநாட்டு ஒப்புமை

காவிரிப் படுகையின் சோழர் காலக் கல்வெட்டுகள் ஊர்களை ஏறத்தாழ இம்முறையிலேயே சுட்டுகின்றன. முதலாம் இராசராசன் (ஆட்சி 985–1014) தன் பட்டப்பெயர்களால் வளநாடுகளை அமைத்தான். வளநாட்டினுள் கூற்றம் அல்லது நாடு, அதனுள் ஊர் என அடுக்கு இறங்கும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தஞ்சாவூர், பாண்டியகுலாசனி வளநாட்டுத் தஞ்சாவூர்க் கூற்றத்துத் தஞ்சாவூர் ஆகும். கூற்றத்துக்கும் ஊருக்கும் ஒரே பெயர்! டாட் நெட் வழிகாட்டுதல்கள் பெயர்வெளிக்கும் அதனுள் உள்ள வகுப்புக்கும் ஒரே பெயர் இடுவதைத் தவிர்க்கச் சொல்கின்றன.

ஊர்ப்பெயரின் ஈறும் பொருளுடையது. சதுர்வேதிமங்கலம் என முடிவது பிராமணர்க்கு அளிக்கப்பட்ட ஊர். பட்டினம் என முடிவது பெரும்பாலும் கடற்கரை வணிக நகரம். டாட் நெட்டில் பிழைகளைக் குறிக்கும் வகுப்புகளின் பெயர் எக்செப்ஷன் என முடிவதும் இத்தகையதே.

பெயரிடல் மரபுகள்

ஜாவாவில் தொகுப்பின் பெயர் முழுதும் சிறிய எழுத்துகளிலும், வகுப்பின் பெயர் ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய முதலெழுத்துடனும் எழுதப்படும். வகுப்பின் பெயர் பெயர்ச்சொல்லாக இருத்தல் வேண்டும். தமிழ் எழுத்துகளில் பெயரிட ஜாவா இடமளிக்கிறது. ஆயினும் தமிழில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இல்லாமையால் இம்மரபு அங்குப் பயன்படாது. தொகுப்பின் தொடக்கத்தில் நிறுவனத்தின் இணைய முகவரி தலைகீழாக இடம்பெறும். சி# மொழியில் நிறுவனத்தின் பெயரே முதலில் வரும்.

உரிமையாளர் மாறும்போது

உரிமையாளரின் பெயரை முன்னொட்டாக வைப்பது பெயர் மோதலைத் தடுக்கும். ஆனால் உரிமை கைமாறினால் சிக்கல் எழும். பெரிய லெய்டன் செப்பேட்டில் நாகப்பட்டினம் சத்திரியசிகாமணி வளநாட்டுப் பட்டனக்கூற்றத்தைச் சேர்ந்தது. முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய லெய்டன் செப்பேட்டில் (ஏறத்தாழ 1090) அதே ஊர், கேயமாணிக்க வளநாட்டுப் பட்டனக்கூற்றத்துச் சோழகுலவல்லிப்பட்டினம் ஆகிறது. வளநாட்டின் பெயரும் ஊரின் பெயரும் மாறிவிட்டன. எஞ்சியது நடுவிலுள்ள கூற்றம் மட்டுமே. இரண்டும் ஒரே ஊர் என அறிய அப்பெயர் துணைசெய்கிறது.

ஜாவாவிலும் இது நிகழ்ந்தது. ஆரக்கிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு ஜாவா ஈஈ தளத்தை எக்லிப்ஸ் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. ஆயினும் ஜாவாஎக்ஸ் என்னும் முன்னொட்டின் கீழ் மாற்றங்கள் செய்வது குறித்து இரு தரப்பும் உடன்பாடு காணவில்லை. எனவே 2020இல் வெளிவந்த ஜகார்த்தா ஈஈ 9 பதிப்பில் அம்முன்னொட்டு ஜகார்த்தா என மாற்றப்பட்டது. வகுப்புகளின் பெயர்கள் மாறவில்லை. ஆனால் புதிய பதிப்புக்கு மாறும் பழைய நிரல்கள் அனைத்திலும் இறக்குமதி வரிகளைத் திருத்த வேண்டியதாயிற்று.