அழித்த படம் எங்கே போகிறது?

பழைய போனை விற்கும்போது மெமரி கார்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம். "எல்லாத்தையும் டெலிட் பண்ணியாச்சு" என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை நம்ப வேண்டாம்.

கார்டுக்குள் நடப்பது என்ன?

32 ஜிபி வரையிலான கார்டுகளிலும் பென்டிரைவ்களிலும் பெரும்பாலும் ‘ஃபேட் 32’ என்ற கோப்பு முறைமை இருக்கும். லே-அவுட் போடுவதுபோல அது இடத்தைச் சிறு மனைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு மனையும் ஒரு ‘கிளஸ்டர்’. கிளஸ்டர் 32 கேபி என்றால், 4 எம்பி படம் ஒன்றுக்கு 128 மனைகள் தேவை. அவை அடுத்தடுத்து அமைவதும் உண்டு, சிதறிக் கிடப்பதும் உண்டு. படத்தின் பெயர், அளவு, முதல் மனையின் எண் ஆகியவை ஒரு பதிவேட்டில் இருக்கும். எந்த மனைக்கு அடுத்தது எது என்பதை வேறோர் அட்டவணை சொல்லும்.

நாம் ‘டெலிட்’ அழுத்தினால், பதிவேட்டில் பெயரின் முதல் எழுத்து மட்டும் ‘அழிக்கப்பட்டது’ என்ற குறியாக மாறுகிறது. அட்டவணையில் அந்த 128 மனைகளும் ‘காலி’ ஆகின்றன. மனைக்குள் இருக்கும் படத்தை யாரும் தொடுவதில்லை. பட்டாவில் பெயரை அடித்துவிட்டால் வீடு இடிந்துவிடுமா? ‘குவிக் ஃபார்மட்’ செய்தாலும் இதே கதைதான்.

ஆபத்து

‘ஃபோட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்கள் அட்டவணையைப் பார்ப்பதே இல்லை. ஜேபெக் படம் தொடங்கும் பைட் வரிசையைத் தேடிக் கார்டு முழுவதையும் படித்துவிடுகின்றன. ஆதார் நகல், பாஸ்புக் பக்கம், வீட்டுப் பெண்களின் படங்கள் எல்லாம் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகலாம்.

என்ன செய்ய வேண்டும்?

• கொடுப்பதற்கு முன் கணினியில் ‘குவிக் ஃபார்மட்’ டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். விண்டோஸ் விஸ்டா முதல், அது இடம் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது.

• ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்போடு விற்பனைக்கு வந்த போன்களில் தகவல் பூட்டப்பட்டே இருக்கும். ‘ஃபேக்டரி ரீசெட்’ அந்தப் பூட்டின் சாவியை அழித்துவிடும். ஆனால் மெமரி கார்டு அதில் சேராது. அதைக் கழற்றிக்கொள்ளுங்கள்.

• படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டீர்களா? கார்டை உடனே வெளியே எடுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு படமும் அந்தக் ‘காலி’ மனைகளில் குடியேறலாம். மீட்கும் படங்களை வேறு டிரைவில் சேமியுங்கள்.

• எஸ்எஸ்டி டிரைவ் உள்ள கணினியில் அழித்தவற்றை மீட்பது பெரும்பாலும் முடியாது. ‘டிரிம்’ கட்டளை வந்ததும் டிரைவே அந்த இடங்களைத் துடைத்துவிடும். அங்கே பேக்கப் ஒன்றே வழி.

சட்டம் உங்கள் பக்கம்

ஒருவரின் அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை அவர் சம்மதமின்றி எடுப்பதும் பரப்புவதும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 66-ஈ-யின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில், பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். மிரட்டல் வந்தால் பணிந்து பணம் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு புகார் செய்யுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

பழைய கார்டு ஒன்றுக்குச் சில நூறு ரூபாய்கூடக் கிடைக்காது. அந்தரங்கமான எதுவும் அதில் இருந்திருந்தால் விற்காதீர்கள். இரண்டாக உடைத்துப் போடுங்கள்.