வண்டிக்கும் ரசீது, சட்டிக்கும் ரசீது!

வேலை நிமித்தமாக வெளி மாநிலத்துக்குக் குடி போகிற சகோதரிகளுக்கு உதவுமே என்றுதான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவது வரை படித்தவள். சட்டம் தெரிந்தவள் இல்லை. ஆனால் மீஞ்சூரிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு ஒரு ஸ்கூட்டியையும் ஒரு குடித்தனத்தையும் கொண்டுபோய், பத்தே மாதத்தில் திரும்பவும் கொண்டுவந்தவள்.

எங்கள் பக்கத்தில் வண்டிகள் ஊர் விட்டு ஊர் போவது அதிசயமே இல்லை. 2001-ல் எண்ணூர் துறைமுகமாகத் தொடங்கிய காமராஜர் துறைமுகத்திலிருந்து புத்தம் புதுக் கார்கள் கப்பலேறுகின்றன. அவற்றை ஏற்றி வரும் நீள நீளமான லாரிகளைப் பிள்ளைகள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அந்தக் காரில் ஒரு கீறல் விழுந்தாலும் கேட்க கம்பெனி உண்டு. சீட்டுப் பணத்தில் வாங்கிய என் ஸ்கூட்டிக்கு நான்தானே கேட்க வேண்டும்? பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், ஜாக்கெட் தைத்து வீடு வீடாகக் கொடுப்பதும் அதில்தான்.

2023-ல் என் கணவருக்கு (வெல்டர் வேலை) விசாகப்பட்டினத்தில் ஒரு வருட காண்டிராக்ட் வந்தது. கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். சாமான்களோடு ஸ்கூட்டியையும் லாரியில் போட்டுவிடலாம் என்றார் அவர். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அது என்ன கதியாகும்? ரயிலில்தான் வரவேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன்.

ரயிலில் வண்டி அனுப்ப இரண்டு வழி இருக்கிறது. பார்சலாகப் போட்டால் நாம் பயணம் செய்ய வேண்டியதில்லை, கட்டணமும் குறைவு. ஆனால் இடம் இருக்கிற ரயிலில்தான் ஏற்றுவார்கள். லக்கேஜாகப் போட்டால் நம் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், கட்டணம் கூடுதல், பெரும்பாலும் நாம் போகும் ரயிலிலேயே வந்துவிடும். டிக்கெட்டுக்கு இலவசமாக அனுமதிக்கும் எடையில் ஸ்கூட்டரைச் சேர்க்க மாட்டார்கள். அதற்குத் தனியாகக் கட்டியே ஆகவேண்டும். நாங்கள் லக்கேஜாகப் போட்டோம்.

ஹவுரா மெயில் எங்கள் மீஞ்சூர் வழியாகத்தான் வடக்கே போகிறது. ஆனால் இங்கே நிற்காது. அதனால் தெற்கே சென்ட்ரல் வரை வண்டியை ஓட்டிப்போய் அங்கே ஏற்றி, மறுபடி மீஞ்சூரைத் தாண்டியே போனோம். பிள்ளைகள் ஜன்னல் வழியாக நம்ம ஸ்டேஷன், நம்ம ஸ்டேஷன் என்று கத்தினார்கள்.

ஆர்.சி. புத்தகத்தின் நகல், அடையாள அட்டை நகல் இரண்டும் கையில் இருக்கட்டும். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது. வடித்த பெட்ரோலைக் கேனில் ஊற்றி நம்மோடு ரயிலில் கொண்டுபோகவும் கூடாது, அது குற்றம். எங்களுடையதை ஓர் ஆட்டோக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். அவருக்கு அன்று நல்ல முகராசி! கண்ணாடிகளைக் கழற்றி வைத்துக்கொண்டு, வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்டச் சொல்லி, பெயரும் சேரும் ஊரும் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் கட்டினோம்.

முக்கியமான விஷயம், வண்டியின் மதிப்பு. அதை எழுதிக்கொடுக்காமல் விட்டால், லக்கேஜ் தொலைந்தாலும் உடைந்தாலும் ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 100 ரூபாயோடு நின்றுவிடும். 100 கிலோ ஸ்கூட்டிக்குப் பத்தாயிரம்! மதிப்பை எழுதி, அதற்கான சதவீதக் கட்டணத்தையும் கட்டினால்தான் அந்த மதிப்பு வரை கேட்க முடியும். "எதுக்கு வீண் செலவு?" என்றார் என் கணவர். நான் கட்டச் சொன்னேன்.

லாரிக்கும் இதே கதைதான். என் சின்ன மாமனார் மாதவரத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதியவர். "ஏம்மா, வாயில சொன்ன ரேட்டுக்கு மதிப்பே இல்ல. எத்தனை பொட்டி, எந்த மாடி, எவ்வளவு ரூபா, எல்லாத்தையும் எல்.ஆர்.ல எழுதி வாங்கு" என்றார். எல்.ஆர். என்றால் லாரி ரசீது. சாமான்களுக்கு எண் போட்டேன், 34 உருப்படி. முதல் மாடி, இறக்குக்கூலி உட்பட 28,000 ரூபாய் என்று எழுதி வாங்கினேன். மனுஷர் முகத்தைச் சுளித்தார், சுளிக்கட்டும்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காஜுவாகாவில் வீட்டு வாசலுக்கு லாரி வந்தது. கணவர் டியூட்டியில் இருந்தார். வந்தவர், "மாடின்னு சொல்லவே இல்லையே. ஆறாயிரம் எடுங்க, இல்லாட்டி வண்டியத் திருப்பிடுவோம்" என்றார். தெரியாத ஊர், தெரியாத பாஷை, பாயைத் தவிர வீட்டில் ஒன்றும் இல்லை. வயிறு கலங்கத்தான் செய்தது. ரசீதை எடுத்துவந்து "முதல் மாடி"யில் விரலை வைத்தேன். கீழ்வீட்டு அக்கா ஒருவர் வந்து தெலுங்கில் நாலு கேள்வி கேட்டார். "112-க்கு போன் பண்ணட்டுமா?" என்றேன் நான். பத்து நிமிஷம் யார் யாருக்கோ பேசிவிட்டு இறக்க ஆரம்பித்தார்கள்.

எண்ணிப் பார்த்தால் 33! மிக்ஸி வைத்த பெட்டியைக் காணோம். "கையெழுத்து போடுங்க, அப்புறம் அனுப்பறோம்" என்றார்கள். இரண்டு நகலிலும் "14-ம் எண் பெட்டி வரவில்லை" என்று எழுதிவிட்டுத்தான் போட்டேன். 2007-ல் வந்த சாலைவழிச் சரக்குச் சட்டப்படி, சரக்கு காணாமல் போனால் புக் செய்த தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும், தராவிட்டால் வழக்குப் போட முடியாது. சின்ன மாமனார் சொல்லச் சொல்ல எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து 2,800 ரூபாய் வந்தது. மிக்ஸியின் விலை அதைவிடக் கூடத்தான், இருந்தாலும் வாங்கிக்கொண்டேன்.

ஸ்கூட்டி சேதமில்லாமல் வந்தது. ஸ்டேஷனில் இறக்கியதும் உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் வார்ஃபேஜ் என்று தனிக் கட்டணம். அந்த ரயில்வே ரசீதையும் நான் தூக்கிப் போடவில்லை. வேறு மாநில வண்டி 12 மாதத்துக்கு மேல் ஓரிடத்தில் இருந்தால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது சட்டம். வண்டி ஆந்திராவுக்குள் வந்த தேதிக்கு அதுதானே சாட்சி? டி.என். நம்பரைப் பார்த்துப் போலீஸ்காரர் இரண்டு முறை நிறுத்தினார். ரசீதைக் காட்டியதும் விட்டுவிட்டார்.

நிரந்தரமாகப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் தடையில்லாச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். 28-ம் எண் படிவம். சேசிஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து ஒட்ட வேண்டும். வண்டிக்குக் கடன் இருந்தால் பேங்க் சம்மதமும் தேவை. சாலை வரியை மட்டும் போகிற மாநிலத்தில் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள், ஊருக்கு ஊர் வேறுபடுகிறது.

கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றாதீர்கள். சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் அன்று கட்டிய டெபாசிட்டைத் திருப்பித் தந்து ஒரு வவுச்சர் தருவார்கள். புது ஊரில் அந்த வவுச்சரைக் காட்டி இணைப்பு வாங்கும்போது, டெபாசிட் மட்டும் இன்றைய கணக்குப்படி கட்ட வேண்டும். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகி, மீஞ்சூர்.