பூட்டைத் திறக்கும் வாண்டு: ஊர் வீட்டில் முதலில் எதை எடுக்கணும்?

சென்னை ஃபிளாட்டில் எல்லாம் பக்கா. பிளக் பாயிண்ட்டுக்கு மூடி, டேபிள் முனைக்கு ரப்பர், கிச்சன் கபோர்டுக்கு லாக். ஆயுத பூஜை, தீபாவளி லீவுக்குக் குழந்தையோடு பெரம்பலூர், அரியலூர் பக்கம் தாத்தா வீட்டில் போய் இறங்கினால் கதை வேறு. திண்ணையில் ஸ்ப்ரேயர், ஜன்னல் மேடையில் பூச்சிமருந்து, மூலையில் விதைப் பை, பின்கட்டில் தண்ணீர்த் தொட்டி. மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் மருந்து அடிக்கும் நாட்களும் கிட்டத்தட்ட இதே லீவு நாட்கள்தான்.

"உயரத்துல வச்சிருக்கோம், புள்ளைக்கு எட்டாது" என்பார்கள். ஒன்றரை வயதில் ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறத் தெரிந்த குழந்தைக்கு எட்டும்.

லாக் போட்டால் போதாதா?

மருந்து பாட்டில்களில் அழுத்தித் திருகும் மூடி இருக்குமே, அதை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பார்த்தால் பதில் கிடைக்கும். 1970-ல் அமெரிக்காவில் விஷத் தடுப்பு பேக்கிங்குக்கென ஒரு சட்டம் வந்தது. அதன்படி நடக்கும் சோதனையில், மூன்றரை முதல் நாலேகால் வயதுக் குழந்தைகளிடம் பாட்டிலைக் கொடுத்து ஐந்து நிமிடம் விடுவார்கள். 85% பேராவது திறக்க முடியாமல் தோற்க வேண்டும். பிறகு பெரியவர் ஒருவர் பேசாமல் ஒருமுறை திறந்து காட்டுவார். இன்னொரு ஐந்து நிமிடம். இப்போது 80% பேர் தோற்றாலே அந்த மூடி பாஸ்.

அதாவது, ஐந்தில் ஒரு குழந்தை திறந்துவிட்டாலும் அது 'பாதுகாப்பான' மூடிதான். வீட்டில் நாம் திறந்து காட்டுவது ஒருமுறையா என்ன? தினமும் பத்து முறை, அதுவும் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டே. லாக் கொஞ்ச நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். கையில் கிடைக்கவே கூடாத பொருளை வீட்டை விட்டு வெளியே வைப்பதுதான் வழி.

வெளியே போக வேண்டியவை

முதல் இடம் பூச்சிமருந்துக்கு. 2017-ல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்து அடித்த விவசாயிகள் சிலர் உயிரிழந்தார்கள். நன்கு வளர்ந்த, பழக்கப்பட்ட உடம்புக்கே அந்தக் கதி. 2018-ல் மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த பிறகு அந்தப் பயிருக்கும் மருந்துச் செலவு கூடிவிட்டது. மிச்ச மருந்தை அடுத்த முறைக்கு என்று வீட்டுக்குக் கொண்டுவருவது சகஜம். இதில் மோசமான பழக்கம், மிச்சத்தைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது. குழந்தைக்கு அந்த பாட்டில் தெரியும், உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது. பாராக்வாட் களைக்கொல்லி என்றால் ஒரு வாய் போதும். அதற்கு முறிவு மருந்தே கிடையாது.

விதையும் விஷம்தான். பூச்சிமருந்து கலந்து சிவப்பு, இளஞ்சிவப்பில் வரும் மக்காச்சோள விதை, குழந்தையின் கண்ணுக்கு மிட்டாய்.

எலி பேஸ்ட்டைத் தக்காளியிலும் தேங்காய்ச் சில்லிலும் தடவி மூலையில் வைக்கும் வீடுகள் உண்டு. 3% மஞ்சள் பாஸ்பரஸ் பேஸ்ட்டுக்குத் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது. பழைய ட்யூப் பரணில் கிடக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுவது நல்லது. இதைத் தின்ற குழந்தை முதல் நாள் நன்றாகவே விளையாடும். கல்லீரல் கெடுவது இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் தெரியும்.

பூஜை மாடத்தில் கற்கண்டு பக்கத்திலேயே கற்பூரம் இருக்கும். சின்னக் குழந்தை தின்றால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி சீசனில் பச்சைக் கொட்டையையும் கவனிக்கணும், அதன் எண்ணெய் பட்டால் வாய் வெந்துவிடும். ரிமோட், எல்.இ.டி. விளக்குகளில் இருக்கும் பட்டன் பேட்டரி தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

தண்ணீரும் குழியும்

எட்டிப் பார்க்கும் குழந்தைக்குத் தலைதான் பாரம். பக்கெட்டில் அரையடித் தண்ணீர் போதும். சம்ப்பின் மூடியை நகர்த்திவிட்டு மோட்டார் போடப் போவது தினசரி நடக்கும் விஷயம்.

பக்கத்து மாவட்டமான திருச்சியில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது 2019 அக்டோபர் 25, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு. வேறு யாருடைய காட்டிலோ இல்லை, சொந்த வீட்டுக்குப் பக்கத்தில். 29-ம் தேதி உடல்தான் கிடைத்தது. கைவிட்ட போரை அடியிலிருந்து மேல் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லியிருந்தது. சாக்கு, பலகை, தகரம் எல்லாம் மூடி ஆகாது.

தாத்தாவிடம் எப்படிச் சொல்வது?

இதுதான் உண்மையில் கஷ்டமான வேலை. "நாங்க வளக்காத புள்ளையா?" என்ற ஒரு கேள்வியில் பேச்சு முடிந்துவிடும். குறை சொல்வதாக இல்லாமல் வேலையாகக் கேட்டுப் பார்க்கலாம். "அப்பா, மருந்தெல்லாம் மோட்டார் ரூம்ல வச்சுப் பூட்டிடலாமா? சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்." பஸ் ஏறுவதற்கு இரண்டு நாள் முன்பே போனில் கேட்டுவிட்டால் இன்னும் நல்லது. வந்து இறங்கியதும் கேட்டால் சண்டைதான்.

குடித்துவிட்டால்?

உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் மாதிரியானவை வாந்தியோடு நுரையீரலுக்குள் போய்விடும். மருந்து பட்ட சட்டையைக் கழற்றி, உடம்பை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே 108. டெல்லி எய்ம்ஸ் விஷ முறிவுத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117.

டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டரால் அதற்கான முறிவைத் தர முடியும். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் அந்தப் பெயர் எழுதியிருக்காது.